இறுகும் வாய், தளரும் பிடி

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒட்டச் சேர்த்து, நெட்டுக்குத்தாகத் திருப்பி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். அடுத்தவர் விரல் கூடாது, உங்கள் சொந்த விரல்கள். மூன்றும் தாராளமாகப் போனால் வாய் ஒழுங்காகத் திறக்கிறது. இரண்டோடு நின்றுவிட்டால் யோசிக்க வேண்டும். ஒன்றே இடித்துக்கொண்டு போகிறது என்றால், கன்னத்துக்குள் பல வருடங்களாகவே ஏதோ இறுகிக்கொண்டு வந்திருக்கிறது.

பல் வைத்தியர்கள் இதை மில்லிமீற்றரில் அளப்பார்கள். வளர்ந்த ஒருவருக்கு அந்த இடைவெளி 35 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ இராகலையிலோ ஒரு தோட்டத்து மருந்துக் காம்பராவில் அளவுகோல் தேடத் தேவையில்லை, விரல் போதும். அங்கே நடக்கிற பேச்சும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

“அக்கா, வாய நல்லா ஆன்னு தெறங்க.”

“இதுக்கு மேல வராதுங்க டொக்டர்.”

“எவ்வளவு காலமா இப்படி?”

“அது தெரியலீங்களே. காரந்தான் ஒரு மூனு வருசமா சேருதில்ல.”

வாய் திறக்கவில்லை என்று யாரும் வருவதில்லை. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கட்டசம்பல் எரிகிறது என்றோ, பல்வலி என்றோதான் வருவார்கள். திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் அது அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. ரொட்டியைச் சின்னதாகப் பிய்த்துக்கொள்ளப் பழகியிருப்பார்கள், அவ்வளவுதான். டோர்ச் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் சலவைக்கல் வெள்ளையாகத் தெரியும். விரலால் தடவினால் நார்க் கயிறுகள் மேலிருந்து கீழாகத் தட்டுப்படும். சிலருக்கு உள்நாக்குச் சுருங்கிப்போயிருக்கும், நாக்கை வெளியே நீட்ட முடியாது.

வாயின் சளிச்சவ்வுக்கு அடியில் நார் இறுகும் நோய் இது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் இதைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். அடுத்த வருடமே மும்பையில் ஜோஷி என்ற வைத்தியர் இதே நோயை விவரித்தார். இந்தக் கட்டுரையில் சுருக்கமாக ‘நார் இறுக்கம்’ என்று வைத்துக்கொள்வோம். கேரளத்தின் எர்ணாகுளத்தில் நார் இறுக்கம் உள்ள 66 பேரை 17 வருட கால எல்லைக்குள் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வொன்று 1985இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு ஏழரைப் பேர் அளவுக்கு வாய்ப்புற்று வந்திருந்தது. இலங்கையின் தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டைப் பல வருடங்களாகப் புரட்டினாலும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்றுதான். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுகிறவர்கள் என்பதால் இதை ஆண்கள் நோய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இந்த நோயின் அடியில் இருப்பது உயிரியலின் பழைய கேள்வி ஒன்று. ஒரு கலம் பக்கத்துக் கலத்தை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும்? தனக்குக் கீழே உள்ள தளத்தை எவ்வளவு இறுகப் பற்ற வேண்டும்? வெற்றிலை போடும் வாயில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பிழைக்கிறது. கீழே பிடி இறுகுகிறது, பிறகு சிலருக்கு ஒரு நாள் மேலே பிடி தளர்கிறது. முதலாவது நடப்பதற்கு வருடங்கள் ஆகும். இரண்டாவது தொடங்கிவிட்டால் அத்தனை அவகாசம் கிடைப்பதில்லை.

குளிருக்கு ஒரு வாய்

பிரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்து, கூடையை மாட்டி, படங்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறினால் முதல் நிறுவைக்கு முன்பே விரல் விறைத்துவிடும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் புல் நுனியில் பனி உறைந்து கிடக்கும் காலைகளும் உண்டு. தேத்தண்ணி வரும்வரை கையில் இருக்கிற ஒரே சூடு சுருக்குப் பைக்குள் இருப்பதுதான். காம்பைக் கிள்ளி எறிந்து, வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்குத் துண்டும் புகையிலைத் துணுக்கும் வைத்து மடித்துக் கொடுப்பில் அதக்கினால் சற்று நேரத்தில் காது மடல் சூடேறும். நெற்றியில் வேர்வை அரும்பும். பசி அடங்கும். சிலர் அதே சுண்ணாம்பையும் புகையிலையையும் அட்டைக்காகக் காலிலும் தேய்த்துக்கொள்வார்கள்.

உடம்பு சூடாவது வெறும் நம்பிக்கையில்லை. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற காரப்பொருள் நரம்பு முனைகளில் உட்கார்ந்து வியர்வையையும் எச்சிலையும் விழிப்பையும் தூண்டுகிறது. நிகொட்டின் வேலை செய்யும் அதே வாங்கிகள் சிலவற்றிலும் அது வேலை செய்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. புகையிலையே சேர்க்காமல் வெறும் பாக்கு மெல்கிறவரும் அதை விட முடியாமல் தவிப்பதற்கு இது ஒரு காரணம்.

பாக்குக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு தேயிலையைவிடப் பழையது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கண்டி இராச்சியத்துப் பாக்குக்குத் தென்னிந்தியக் கரையில் நல்ல கிராக்கி இருந்தது. கப்பல் கப்பலாகப் போன சரக்கு அது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867இல். அதற்கு முன்பு கோப்பிக்காகவும் பின்பு தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்கள், தங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்கிய பாக்கு விளைகிற நாட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். பெண் பார்ப்பதற்கும் எழவு சொல்வதற்கும் தட்டில் முதலில் இருப்பது வெற்றிலை பாக்கு. அதைப் போய் ‘கெட்ட பழக்கம்’ என்று ஒரு சுவரொட்டியில் எழுதி ஒட்டினால் எவர் மனதிலும் ஏறாது. சுகாதாரப் பிரசாரம் செய்கிறவர்கள் இதை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

பசை இல்லை, பிடி

கன்னத்தின் உட்புறத்தை மூடியிருப்பது மேலணி இழையம். கலங்கள் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கின்றன. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடிமென்சவ்வு. அதற்கும் கீழே கொலாஜன் நார்களும் குருதிக் குழாய்களும் நார் சுரக்கும் கலங்களும் இருக்கின்றன. மேலணியின் அடிவரிசையில் பிறக்கும் கலம் மேலே மேலே தள்ளப்பட்டு, இரண்டு வாரமளவில் உதிர்ந்து எச்சிலோடு போய்விடுகிறது. எலும்பை நறுக்குகிற பற்களுக்கும் கொதிக்கிற தேத்தண்ணிக்கும் நடுவில் இருந்துகொண்டு இந்தப் படலம் கிழிந்து தொங்காமல் இருக்கிறதென்றால், அந்தக் கலங்களின் பிடிதான் காரணம்.

கலங்கள் ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டியவை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1907இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹென்றி வான் பீட்டர்ஸ் வில்சன் கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். கடற்பஞ்சு தனித்தனிக் கலங்களாகச் சிதறிக் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் விழுந்தது. பிறகு அந்தக் கலங்கள் ஊர்ந்து போய் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மறுபடியும் கடற்பஞ்சாக எழுந்தன. பசையாக இருந்தால் பிழிந்ததோடு கதை முடிந்திருக்கும்.

பிடிக்கிறது எது என்பதற்கு விடை வர இன்னும் எழுபது வருடம் ஆனது. 1970களில் ஜப்பானின் கியோட்டோவில் மசாதோஷி தகேய்ச்சி, கல்சியம் இருக்கும்போது கலங்கள் சேர்வதையும் அதை நீக்கினால் பிரிவதையும் கவனித்து, அதன் பின்னால் இருந்த புரதத்தைத் துரத்திப் பிடித்தார். கட்ஹெரின் என்று அதற்குப் பெயர் வந்தது. மேலணிக் கலங்களில் இருப்பது ஈ-கட்ஹெரின். ஒரு கலத்தின் மென்சவ்விலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் புரதம் பக்கத்துக் கலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தன் இனத்தையே பற்றிக்கொள்கிறது. கல்சியம் இருந்தால்தான் விறைப்பாக நிற்கும், இல்லாவிட்டால் துவண்டுவிடும்.

சுண்ணாம்பிலும் கல்சியம்தானே இருக்கிறது, அப்படியானால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கலங்களைச் சூழ்ந்த நீரில் தேவையான கல்சியம் ஏற்கெனவே இருக்கிறது. சுண்ணாம்பு கொண்டுவருவது காரத்தன்மையை. அது மேலணியை அரிக்கிறது, அரிகோலினை வேறு வடிவுக்கு மாற்றுகிறது, கலங்களின் மரபணுவையே தாக்கக்கூடிய ஒட்சிசன் மூலிகங்கள் உருவாக வழி செய்கிறது.

கீழே உள்ள தளத்தைப் பற்றுவது இன்டெக்ரின் என்ற இன்னொரு குடும்பம். இது இரண்டு துண்டுகள் சேர்ந்த புரதம். ஒரு முனை வெளியே கொலாஜனையோ வேறு நார்ப் புரதத்தையோ பிடித்திருக்கும், மறுமுனை கலத்துக்குள் இருக்கும் எலும்புக்கூட்டு இழைகளோடு கோத்திருக்கும். வேண்டாதபோது மடங்கிக் கிடக்கும். உள்ளிருந்து கட்டளை வந்தால் நிமிர்ந்து பற்றும். வெளியே எதைப் பற்றியது, அது இளக்கமா விறைப்பா என்ற செய்தியும் இதே வழியாக உள்ளே போகும். இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்து விளக்கியதற்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாத்தி, திமோத்தி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காயத்தின் ஓரத்தில் உள்ள கலங்கள் பக்கத்துப் பிடியைத் தளர்த்துகின்றன. சில நிமிடங்களிலேயே ஈ-கட்ஹெரினை மென்சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கலத்தால் முடியும். பிறகு தட்டையாகி, சாதாரண நாட்களில் தயாரிக்காத புதிய இன்டெக்ரின்களைத் தயாரித்து, அவற்றால் காயத்தின் தரையைப் பற்றிப் பற்றி ஊர்ந்து வருகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கலத்தைத் தொட்டதும் நிற்கின்றன. மறுபடியும் கட்ஹெரின் மேலே வருகிறது, பிடி விழுகிறது. அவசரத்துக்கு எடுத்த இன்டெக்ரின் மறைந்துவிடுகிறது. நாம் சுவாரசியமில்லாமல் ‘புண் ஆறிவிட்டது’ என்கிறோம்.

அட்டைக்கும் இந்தப் பிடியின் இரகசியம் தெரியும். தோல் கிழிந்தால் குருதிச் சிறுதட்டுகள் ஓடிவந்து கொலாஜனைப் பற்றிக் குவிந்து ஓட்டையை அடைக்க வேண்டும். ஐரோப்பிய மருத்துவ அட்டையின் எச்சிலில் உள்ள ஒரு புரதம் கொலாஜனை மூடி அந்தப் பிடியையே தடுக்கிறது. குருதி உறைதலைத் தடுக்கும் பொருள்கள் வேறு. நம் மலையட்டையின் உறவுக்கார இனமொன்றிலும் அப்படியான உறைவுத் தடுப்பான் பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. அட்டையைப் பிடுங்கி எறிந்த பிறகும் காலில் இரத்தம் நெடுநேரம் வழிவது ஏன் என்று கேட்டால் இதுதான் விடை.

ஆறாத ஆணை

இப்போது பாக்கு மெல்லும் வாய்க்கு வருவோம். கரடுமுரடான பாக்குத் துண்டு கன்னத்தை உரசுகிறது, சுண்ணாம்பு அரிக்கிறது. ஒரு தரம் இல்லை, காலையில் தொடங்கி இருட்டும்வரை. காயம் ஆற்றும் கட்டளை நிற்பதற்கு நேரமே கிடைப்பதில்லை.

கீழ்த்தளத்தில் நார் சுரக்கும் கலங்கள் கொலாஜனைக் கொட்டுகின்றன. அரிகோலினும் அதிலிருந்து பிறக்கும் அரிகெய்டினும் அவற்றைத் தூண்டுகின்றன. கொட்டிய கொலாஜனைக் கரைத்து அப்புறப்படுத்தும் வேலை மந்தமாகிறது. அதற்கு மேல் பாக்கில் செப்பு அதிகம். லண்டனில் சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்ட குழு 1997இல் பாக்குப் பொருட்களின் செப்பு அளவை வெளியிட்டது. கொலாஜன் இழைகளைக் குறுக்குக் கட்டுப் போட்டு இணைக்கும் லைசில் ஒக்சிடேஸ் என்ற நொதியத்துக்குச் செப்பு இல்லாமல் வேலை ஓடாது. செப்பு கூடினால் கட்டும் கூடும். குறுக்குக் கட்டு விழுந்த கொலாஜனைக் கரைப்பது லேசில்லை. கொதிநீரில் போட்டெடுத்த கம்பளி மாதிரி கன்னம் சுருங்கி விறைக்கிறது. (கொப்புள நோய்க்காகத் தேயிலைச் செடிக்கு அடிக்கும் செப்பு மருந்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். இது பாக்குக்குள்ளேயே இருப்பது.)

இதில் மேலணிக் கலங்களுக்கு என்ன பங்கு என்பது வெகுநாள் தெளிவாக இல்லை. பாக்குச் சாறு படுவது அவற்றின் மேல், நார் இறுகுவதோ அவற்றுக்குக் கீழே. 2011இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இந்த இடைவெளியை நிரப்பினார்கள். அரிகோலின் பட்ட மேலணிக் கலங்கள் ஆல்ஃபா-வி பீட்டா-6 என்ற இன்டெக்ரினை அதிகமாக எடுத்து நிறுத்துகின்றன. காயம் ஆறும்போது மட்டும் தலைகாட்டி மறைய வேண்டிய அதே வகை. ஆரோக்கியமான கன்னத்தில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அது எதைப் பற்றுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டி.ஜி.எஃப்-பீட்டா என்றொரு சமிக்ஞைப் புரதம் உண்டு. நார் சுரக்கச் சொல்லும் கட்டளை அதனிடம் இருக்கிறது. உடம்பு அதை எப்போதும் பூட்டிய நிலையில்தான் இழையங்களுக்குள் சேமித்து வைத்திருக்கும். ஆல்ஃபா-வி பீட்டா-6 அந்தப் பூட்டைப் பற்றி இழுத்துத் திறந்துவிடுகிறது. 1999இலேயே இந்த வழிமுறை கண்டறியப்பட்டிருந்தது. அரிகோலின் இந்த இன்டெக்ரினைக் கூட்டுகிறது, இன்டெக்ரின் பூட்டைத் திறக்கிறது, திறந்த சமிக்ஞை கீழே இறங்கி நார் நெய்யச் சொல்கிறது, நெய்த நார் விறைத்து மேலே உள்ள கலங்களின் பிடியை மேலும் இறுக்குகிறது. கலங்கள் எல்லாம் தத்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன. நிறுத்து என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடம் இந்த நோயைப் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து வருகிறது. அங்கே வாய் நோயியல் பேராசிரியராக இருந்த டபிள்யூ. எம். திலகரத்ன, லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் எழுதிய நார் இறுக்கம் பற்றிய மீளாய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. 2008இல் அவரும் லண்டன் ஆய்வாளர்கள் சிலரும் இன்னொன்றைக் காட்டினார்கள். நார் இறுகிய இழையத்தில் குருதிக் குழாய்கள் நசுங்கி ஒட்சிசன் குறையும்போது எழுகிற ஒரு புரதம், புற்றாக மாறும் கட்டத்தோடு சேர்ந்து உயர்கிறது. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் நடுவில் உள்ள வழிகளில் இது ஒன்றாக இருக்கலாம்.

கைவிடும் கலம்

புற்றுநோய் என்றதும் எல்லாரும் கலம் கட்டுமீறிப் பெருகுவதைத்தான் சொல்வார்கள். பெருகுவது மட்டும் நோயாளியைக் கொல்வது அபூர்வம். ஓரிடத்தில் உருண்டையாகப் பெருகி நின்றால் வெட்டி எடுத்துவிடலாம். ஆளைக் கொல்வது பெருகியவை இடத்தை விட்டுக் கிளம்புவது.

கிளம்ப வேண்டுமானால் முதலில் ஈ-கட்ஹெரினை விட வேண்டும். சில கலங்கள் அதன் மரபணுவையே அணைத்துவிடுகின்றன. வாய்ப்புற்றின் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கட்டியின் நடுப்பகுதியில் கலங்கள் இன்னும் ஈ-கட்ஹெரினோடு நெருங்கி நிற்பதையும், கீழே தசைக்குள் இறங்கும் முனையில் அது குறைந்து கலங்கள் சிறு சிறு கூட்டமாக, சில இடங்களில் தன்னந்தனியாக, நார்களுக்கிடையே புகுந்திருப்பதையும் காணலாம். அதே முனையில்தான் ஆல்ஃபா-வி பீட்டா-6 மிகுந்து நிற்கும். பக்கத்தவரைப் பிடிப்பதை விட்டுத் தரையைப் பிடித்து நகர்கிறது கலம். கன்னம் கடிபட்ட அன்று செய்ததும் இதுவே. அன்று எதிர்ப்பக்கக் கலத்தைத் தொட்டதும் நின்றது, இப்போது நிற்பதில்லை.

சாதாரண மேலணிக் கலம் ஒன்றைப் பிடி எதுவும் இல்லாமல் தனியே மிதக்கவிட்டால் அது தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். ஸ்டீவன் ஃபிரிஷ், ஹன்டர் ஃபிரான்சிஸ் இருவரும் 1994இல் இதைக் காட்டினார்கள். அந்நிய இடத்தில் போய் முளைத்துவிடாமலிருக்க உடம்பு வைத்திருக்கும் காவல் இது. நிணநீரில் மிதந்து கழுத்துக் கழலைக்குப் போய்ச் சேரும் வாய்ப்புற்றுக் கலம் அந்தக் காவலைத் தாண்டிய ஒன்று. தாடைக்குக் கீழே வலியில்லாத கட்டி என்று யாராவது காட்டினால் வைத்தியர் முகம் மாறுவது அதனால்தான்.

ஈ-கட்ஹெரின் ஒன்றே இவ்வளவு பெரிய காவலா என்று சந்தேகம் வரலாம். நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில் தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே இரைப்பைப் புற்று வந்துகொண்டிருந்தது. பாரி கில்ஃபோர்டும் அந்தக் குடும்பத்தாரும் சேர்ந்து தேடி, 1998இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஈ-கட்ஹெரின் மரபணுவில் பிறவியிலேயே ஒரு பழுது. இதில் வெற்றிலைக்குப் பங்கில்லை. பிடி ஒன்று பழுதாய்ப் பிறந்ததே போதுமாயிருந்தது.

டோர்ச்சும் பஸ்ஸும்

கலத்தின் பிடி தளர்வதை நாம் பார்க்க முடியாது. அதற்கு முன் வருடக்கணக்கில் இறுகுவதைப் பார்க்கலாம், அதுவும் ஒரு டோர்ச்சும் மூன்று விரலும் இருந்தால். இந்த நோய் நமக்குத் தந்திருக்கும் ஒரே சலுகை அது. தோட்டத்தில் அதை நாம் பயன்படுத்துகிறோமா?

பயன்படுத்தலாம் என்று இலங்கையே முதலில் காட்டியது. வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாய்க்குள் பார்க்கப் பயிற்சி கொடுத்து, அவர்கள் கண்டுபிடித்ததை நிபுணர்கள் மறுபடி பார்த்தார்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் முடிவு வந்தது. வைத்தியர் அல்லாத ஊழியர்களாலும் புற்றையும் அதன் முன்னோடிகளையும் கண்டுபிடிக்க முடிந்தது. இடறியது வேறிடத்தில். மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு கேரளத்தின் திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கி, ஏறத்தாழ 1,90,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வாயைச் சுகாதார ஊழியர்கள் அவ்வப்போது பார்த்து வந்தார்கள். சங்கரநாராயணன் குழுவினர் 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 வீதம் குறைந்திருந்தது. ஸ்கேன் கிடையாது, இரத்தப் பரிசோதனை கிடையாது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

பேராதனையின் அனுர ஆரியவர்தன குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமே வாய்ப்புற்றையும் முன்னோடிப் புண்களையும் அவற்றுக்கு இட்டுச்செல்லும் பழக்கங்களையும் தேடியது. ஆகவே இங்கே நோய் இருப்பது யாருக்கும் புதுச் செய்தியில்லை.

குறை எங்கே என்றால், ஹட்டனிலிருந்து பேராதனைக்குப் போகும் பாதையில். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வளைந்து வளைந்து இறங்கும் பஸ் அது. காலையில் கிளம்பினால் அன்றைய பேர் போச்சு. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கும் கொடுத்து, வலியே இல்லாத ஒரு வெள்ளைப் படைக்காக யார் போவார்கள்? துண்டு எடுக்க ஒரு நாள், முடிவு கேட்க இன்னொரு நாள். 1984இல் பாதிப்பேர் வராமல் போனதற்கு அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அதை நம்பவில்லை. வாய் பார்ப்பதை மலைக்கு மேலே கொண்டுவர வேண்டும். பிள்ளைக் காம்பராவில் கிளினிக் வைக்கும் நாளிலேயே தாய்மாரின் வாயையும் பார்த்துவிடலாம். துண்டு எடுக்கும் வேலையை ஆதார வைத்தியசாலைகளிலேயே முடித்து, மாதிரியை மட்டும் கண்டிப் பக்கம் அனுப்பலாம். போகவேண்டியது கண்ணாடி போத்தல், ஆள் இல்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் புகையற்ற புகையிலைப் பொருட்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்வி அடிக்கடி கேட்கிறது.

“பொகல இல்லாம, வெறும் வெத்தில பாக்கு போட்டா ஒன்னும் செய்யாதுங்களே டொக்டர்?”

செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. 2004இல் வெளியான தொகுப்பில் புகையிலை சேர்க்காத வெற்றிலைத் தாம்பூலத்தையும், தனியாகப் பாக்கையும், அதே முதல் வகுப்பில் போட்டது. நார் இறுக்கத்துக்குப் புகையிலை வேண்டியதே இல்லை, பாக்கு மட்டும் போதும். தட்டில் வெற்றிலை இருக்கட்டும், வாய்க்குள் பாக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொன்னால் மலையில் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துத் திட்டினால் எழுந்து போய்விடுவார்கள்.

மருந்தால் பிடியைச் சரிசெய்ய முடியாதா? முயன்றிருக்கிறார்கள். நடாலிசுமாப் என்ற மருந்து வெள்ளைக் குருதிக் கலங்களின் ஒரு இன்டெக்ரினைத் தடுத்து நரம்பு நோயைக் கட்டுப்படுத்துகிறது. 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, சிலருக்கு மூளையில் ஆபத்தான தொற்று வந்ததால் 2005இல் நிறுத்தப்பட்டு, மறு வருடம் கடும் கண்காணிப்போடு திரும்பி வந்தது. ஆல்ஃபா-வி பீட்டா-6ஐத் தடுக்கும் ஒரு பிறபொருளெதிரியை, நுரையீரல் நார் இறுகும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையும் 2019இல் பாதுகாப்புக் காரணங்களால் கைவிடப்பட்டது. உடம்பு ஒரே பிடியைப் பத்து இடத்தில் பயன்படுத்துகிறது. ஓரிடத்தில் விடுவிக்கப் போனால் மற்ற ஒன்பதும் ஆடும்.

ஆகவே நார் இறுக்கத்தோடு வருகிறவருக்கு இன்று கிடைப்பவை எளிமையானவை. பாக்கை முற்றாக நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எரிச்சல் குறையும், இறுக்கம் மேலும் போகாமல் நிற்கும் வாய்ப்பு உண்டு. விழுந்த நார் பெரும்பாலும் கரைவதில்லை. சிலருக்குக் கன்னத்துக்குள் ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள், மிக முற்றிய நிலையில் நாரை வெட்டிவிடும் சத்திரசிகிச்சை உண்டு. அதன் பிறகும் பயிற்சி செய்யாவிட்டால் மறுபடி இறுகும். பயிற்சிக்கு வேண்டியது ஐஸ்கிறீம் குச்சி மாதிரியான தட்டை மரக்குச்சிகள். வாய்க்குள் எத்தனை போகிறதோ அத்தனையை அடுக்கிச் சற்று நேரம் கடித்து வைத்திருக்க வேண்டும், நாளைக்குப் பல தடவை. வலி பொறுக்கும் அளவுக்குள், போகப் போக ஒரு குச்சியைக் கூட்டலாம். வருடத்துக்கு இரண்டு முறையாவது யாராவது அந்த வாயைத் திறந்து பார்த்து, வெள்ளைப் படையில் சிவப்போ, ஆறாத புண்ணோ, தடிப்போ தெரிகிறதா என்று தேட வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணுக்கும் துண்டெடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.